மதுரையில் குயர் குறும்படத் திரையிடல், 80 இருக்கை: கோப்பு, ஒலி, தணிக்கை, வருகிறவர்களின் அடையாளம்

பின்வரிசை
ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மதுரையில் குயர், அதாவது பால்புதுமையர் பற்றிய குறும்படங்கள் திரையிடத் திட்டம். ஏழு படம், மொத்தம் 94 நிமிடம். தமிழ் மூன்று, மலையாளம், மராத்தி, ஜெர்மன் ஒவ்வொன்று, வசனமே இல்லாதது ஒன்று. இடம் ஒரு தனியார் கருத்தரங்கக் கூடம். 80 நாற்காலி, 12 அடி அகலத் திரை, கூரையில் தொங்கும் 3500 லூமென் புரொஜெக்டர், பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர். கூடம் மாலை 4 மணிக்குத்தான் கைக்கு வரும், 5.30க்குத் தொடங்கணும். இயக்குநர்களிடம் கோப்பை எந்த வடிவத்தில் கேட்பது, சான்றிதழ் இல்லாத படங்களை என்ன செய்வது, வருகிறவர்கள் பெயர் வெளியே போகாமல் பதிவை எப்படி நடத்துவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘தைரியமா பண்ணுங்க தோழர்’ ரகப் பதில்கள் வேண்டாம்.

கருவிப்பெட்டி
முதலில் வெளிச்சம். பெட்டியில் 3500 என்று போட்டிருப்பது பச்சை தூக்கலாக அடிக்கும் ‘டைனமிக்’ முறையில் அளந்தது. ‘சினிமா’ முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பல்பு நிறைய ஓடியிருந்தால் அதிலும் கால் பங்கு போகும். ஆக நடைமுறையில் உங்கள் கையில் இருப்பது 1300 லூமென்.

தேவை எவ்வளவு? 16:9 திரையில் 12 அடி அகலத்துக்கு உயரம் 6.75 அடி, பரப்பு 81 சதுர அடி. திரையரங்கத் தரம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையில் தெரியும் வெளிச்சத்தின் அலகு). சாதா வெள்ளைத் திரைக்கு 81 × 14 = 1134 லூமென். கூடம் முழு இருட்டாக இருந்தால் போதும், இல்லையென்றால் போதாது. ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் சூரியன் மறைய 6.30 ஆகிவிடும். நீங்கள் 5.30க்குத் தொடங்குகிறீர்கள். இந்த வகைப் படங்களில் பாதிக் காட்சி விளக்கணைத்த அறை, மொட்டை மாடி, பேருந்தின் கடைசி இருக்கை. ஜன்னல் ஓரம் ஒரு விரற்கடை வெளிச்சம் வந்தாலும் முகமே தெரியாது. கறுப்புக் காடாத் துணி இரண்டு மடிப்பாக, ஜன்னல் அளவைவிட எல்லாப் பக்கமும் அரை அடி கூடுதலாக வெட்டி, பைண்டர் கிளிப்பால் திரைச்சீலைக் கம்பியில் மாட்டுங்கள். செல்லோ டேப் ஏசி குளிரில் பிடி விட்டுவிடும். அவசர வழியை மட்டும் துணியால் மூடாதீர்கள்.

அடுத்து கேபிள். கூரை புரொஜெக்டருக்குச் சுவருக்குள் போகும் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 15 மீட்டர் மலிவுக் கம்பி. பத்து மீட்டர் தாண்டினாலே படம் நொடிக்கொரு தடவை கறுப்பாகி வரும் வாய்ப்பு உண்டு. ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாடகைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனைதான் லேப்டாப்பில் போகணும். மாற்றிச் செருகினால் ஒன்றுமே வராது, புரொஜெக்டர் பழுது என்று எல்லோரும் அதன் தலையில் பழியைப் போடுவார்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் துணை மின்நிலையத்துக்கு எந்தத் தேதி என்று பாருங்கள். அது பகலில்தான் வரும், ஆனால் ‘மாலை 5 மணி’ என்று போட்டுவிட்டு ஆறுக்குக் கரண்ட் கொடுத்தால் உங்கள் கதை முடிந்தது.

டிசிபி தாசன்
முறையான திரையிடல் என்றால் எல்லாரிடமும் டிசிபி, அதாவது திரையரங்கு சர்வரில் ஓடும் டிஜிட்டல் படத் தொகுப்பு கேளுங்கள். 24 பிரேம், 2கே, எஸ்எம்பிடிஇ தரம். மற்றதெல்லாம் யூடியூப் பார்ப்பது மாதிரிதான்.

கருவிப்பெட்டி
கருத்தரங்கக் கூடத்தில் டிசிபியை எதில் போடுவீர்கள் அண்ணே? சர்வர் இல்லாத இடத்தில் டிசிபி வெறும் சுமை. 15 நிமிடப் படம் நொடிக்கு 150 மெகாபிட் என்றாலே 17 ஜிபி. அதை லேப்டாப்பில் நேரடியாக ஓட்டினால் திக்கித் திணறும். டிசிபி திரையரங்கை வாடகைக்கு எடுப்பவர்களுக்குத்தான். அங்கேயும் முதலில் எந்த சர்வர் என்று கேட்கணும். கியூப் நிறுவன சர்வர் டிசிபியை எடுத்துக்கொள்ளும். யுஎஃப்ஓ என்ற இன்னொரு நிறுவனத்தின் பழைய இ-சினிமா முறைக்கு வேறு வடிவம். வட்டு லினக்ஸ் ஃபார்மேட்டில், அதாவது எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்3ல் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், காசு வாங்கி நடத்தும் திரையரங்கு மேலாளர் கேட்கும் முதல் தாள் தணிக்கைச் சான்றிதழ்.

பின்வரிசைக்கு: புரோரெஸ் 422 எச்கியூ, அல்லது நொடிக்கு 20 முதல் 40 மெகாபிட்டில் எச்.264 எம்பி4. எதுவானாலும் 1920 × 1080, அசல் பிரேம் வேகத்திலேயே. ‘25க்கு மாற்றி அனுப்புங்கள்’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஜெர்மன் படம் 25ல் இருக்கும், தமிழ்ப் படங்கள் 24ல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் ஒட்டி ஒரே கோப்பாக்கினால் ஏதாவது ஒன்றில் கேமரா நகரும்போதெல்லாம் படம் துள்ளும். தனித்தனிக் கோப்பு, ஒரு பிளேலிஸ்ட், நடுவில் 5 நொடி கறுப்பு.

ஒலிப்பலகை
ஒலியில்தான் ஏழு படமும் ஏழு திசையில் போகும். யூடியூபுக்காக மிக்ஸ் செய்த படம் −14 எல்யுஎஃப்எஸ் (படம் முழுக்க உள்ள சராசரி ஒலியளவின் அலகு) சுற்றி இருக்கும். ஓடிடி தரத்தில் செய்தது −27க்குப் பக்கம். அடுத்தடுத்துப் போட்டால் 13 டெசிபல் வித்தியாசம். முதல் படத்தில் காதைப் பொத்துவார்கள், அடுத்ததில் ‘சவுண்டு!’ என்று கத்துவார்கள். யாராவது மிக்ஸரில் கை வைப்பார், அதோடு மீதி மாலை முழுக்கக் கைதான்.

வந்த கோப்புகளையெல்லாம் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் அளந்து −23க்குக் கொண்டுவாருங்கள், உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல். ஒலியளவைச் சமன்செய்ய அதிலுள்ள ‘லவுட்நார்ம்’ வடிகட்டியை ஒரே சுற்றில் ஓட்டாதீர்கள். ஒரு சுற்றில் அது காட்சிக்குக் காட்சி ஒலியை ஏற்றி இறக்கும், அமைதியான இடத்தில் மின்விசிறி இரைச்சல் மேலே வரும். முதல் சுற்றில் அளவு மட்டும், இரண்டாவதில் படம் முழுக்க ஒரே அளவு ஏற்றி இறக்கும் லீனியர் முறை. அப்போதும் உச்சத்துக்கு இடமில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் பழைய முறைக்கே போய்விடும். அதனால் அளந்துவிட்டு வெறும் ‘வால்யூம்’ வடிகட்டியில் இத்தனை டெசிபல் ஏற்று, இறக்கு என்று கொடுப்பதே எளிது. லவுட்நார்ம்தான் வேண்டும் என்பவர்கள் வெளியீட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் 192ல் எழுதி வைக்கும். சில பிளேயர்கள் அதை ஓட்டாது.

இன்னொன்று. புரோரெஸ் கோப்பில் 5.1 ஒலியை ஆறு தனி மோனோ தடங்களாக வைத்து அனுப்புவார்கள். லேப்டாப் முதல் தடத்தை, அதாவது இடது பக்கத்தை மட்டும் ஓட்டும். பின்னணி இசை கேட்கும், வசனம் கேட்காது, ஏனென்றால் வசனம் நடுத் தடத்தில் இருக்கிறது. முதல் 30 நொடியில் இசை மட்டுமே வரும் படமென்றால் சோதனையிலும் பிடிபடாது. ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர் பேசும் காட்சியைத் தேடிப் போட்டுக் கேளுங்கள்.

நிழலாட்டம்
வசனமில்லாத படத்தையும் −23க்கு ஏற்றச் சொல்கிறீர்களா? அது தப்பு. அமைதிதான் அந்த மிக்ஸ். நாள் முழுக்க ஒரு வீட்டுக்குள் நடக்கும் படத்தில் குக்கர் விசில் ஒன்றுதான் பெரிய சத்தம் என்றால், அதை மற்றப் படத்தின் பாட்டுக்குச் சமமாக்குவது இயக்குநர் செய்ததைக் கலைப்பதுதான்.

ஒலிப்பலகை
ஒத்துக்கொள்கிறேன், அந்த ஒரு படத்துக்கு அளவுகோல் வேறு. அதை இயக்குநர் சொல்லும் இடத்தில் வையுங்கள், அல்லது அசல் நிலையிலேயே விட்டு, கூடத்தின் ஏசியை அந்த 12 நிமிடம் குறைந்த வேகத்தில் வையுங்கள். ஸ்பிளிட் ஏசி முழு வேகத்தில் போடும் இரைச்சலில் எந்த அமைதியும் நிற்காது.

சட்டப்புள்ளி
சான்றிதழ் விஷயம். 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் படம் எதுவானாலும் சான்றிதழ் வேண்டும். நாலு நிமிடமா நாலு மணி நேரமா என்பது பொருட்டில்லை. டிக்கெட் இல்லை என்பதும் விலக்கு ஆகாது. 7ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. யூடியூபில் ஓடும் படம்தானே என்பார்கள். இணையத்துக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், கூடத்தில் கூட்டம் கூட்டிக் காட்டுவதற்கு 1952 சட்டம். அங்கே இருப்பதால் இங்கே போடலாம் என்று ஆகாது.

உள்ளடக்கம் பற்றிய பயம் வேறு, தாள் பற்றிய பயம் வேறு. 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தன்பாலின உறவு குற்றமில்லை. 2003ல் ஸ்ரீதர் ரங்கயனின் குயர் படமான ‘குலாபி ஆயினா’வுக்குச் சான்றிதழ் மறுத்தார்கள். 2025 பிப்ரவரியில் தன்பாலினக் காதல் பற்றிய ‘காதல் என்பது பொதுவுடைமை’ சான்றிதழோடு தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. 2023 திருத்தத்தால் யுஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, வாங்கிய சான்றிதழ் காலாவதி ஆகாது. ஆகவே ஏழில் எதற்காவது சான்றிதழ் இருந்தால் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இல்லாதவற்றுக்கு, திரைப்பட விழா என்று முறையாக நடத்தினால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் விலக்கு கேட்கலாம். படப் பட்டியல், கதைச்சுருக்கம், முன்பார்வைக் குழு பார்த்துப் பரிந்துரைத்த தாள், பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டும் என்ற உறுதி. எல்லாம் பல வாரம் முன்னதாகப் போகணும். போனாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2017 ஜூனில் திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுத்தார்கள். அரசு அகாதமி நடத்தும் விழாவுக்கே அந்த நிலை.

சின்னத் திரையிடல்கள் பெரும்பாலும் அழைப்பின் பேரில் நடக்கும் மூடிய காட்சிகளாகவே நடக்கின்றன. சட்டத்தில் ‘இத்தனை பேர் வரை தனிக்காட்சி’ என்று எண் ஏதும் கிடையாது. ஆகவே பெயரளவுக்கு மூடினால் போதாது, உண்மையிலேயே மூடியிருக்கணும். சுவரொட்டி இல்லை, வாசலில் வந்து பதிவதில்லை, பணமில்லை, 18 வயதுக்குக் கீழ் இல்லை. கூட மேலாளரிடம் ‘கலந்துரையாடல்’ என்று மொட்டையாகச் சொல்லாமல், திரையிடல், என்ன வகைப் படங்கள் என்று எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். கடைசி நாளில் கூடத்தைப் பூட்டும் ஆட்கள் பெரும்பாலும் ‘எங்ககிட்ட சொல்லல’ என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

யாராவது சீருடையில் வந்து கேட்டால் பேச ஒரே ஆளை நியமியுங்கள். 2021 ஜூன் 7ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, அதன் தொடர்ச்சியாக 2022ல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்த 24-சி, இரண்டையும் அச்செடுத்து மேசையில் வைக்கலாம். பால்புதுமையரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. தணிக்கைக் கேள்விக்கு அது பதில் ஆகாது. வந்தவர்களை மிரட்டும் பேச்சுக்குப் பதில் ஆகும்.

தாழம்பூ
பதிவு பற்றி யாரும் தொடவில்லை. உங்கள் கூடத்தில் உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெரியாது, சிலருக்கு ஆபீஸில் தெரியக் கூடாது.

படிவத்தில் கேட்க வேண்டியது: எப்படி அழைக்க வேண்டும், ஒரு மின்னஞ்சல், 18 ஆகிவிட்டதா, சக்கர நாற்காலி போன்ற தேவை உண்டா. அவ்வளவுதான். ஆதார்ப் பெயர், ஊர், கல்லூரி, ‘நீங்கள் எந்தப் பிரிவு’ எதுவும் வேண்டாம். படிவத்தை அமைப்புக் கணக்கில் தொடங்குங்கள். தனி ஆள் கணக்கில் தொடங்கினால் பட்டியல் அவர் போனில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். யார் திறக்கலாம் என்பதில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரத்தில் தாளை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

வாட்ஸாப் குழு தொடங்காதீர்கள். சேர்த்த கணமே 80 பேர் எண்ணும் 80 பேருக்குத் தெரியும். யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும். மின்னஞ்சலில் மறைநகல் (பிசிசி) போடுங்கள். முகவரியை முந்தின நாள் மாலை மட்டும் அனுப்பினால் போதும். பொருள் வரியில் ‘குயர்’ என்று எழுதாதீர்கள். பூட்டிய திரையிலும் அந்த வரி தெரியும், பக்கத்தில் அம்மா இருப்பார்.

நன்கொடை வாங்குவதாக இருந்தால் க்யூஆர் அட்டை மட்டும் வைக்க வேண்டாம். யுபிஐயில் வங்கியில் உள்ள பெயர்தான் காட்டும். பெயர் மாற்றிக்கொண்ட திருநங்கைக்கும் திருநம்பிக்கும், வாசலில் நிற்பவர் போனில் பழைய பெயர் விழும். அவர்கள் கணக்கு அறிக்கையிலும் உங்கள் அமைப்பின் பெயர் விழும். ஒரு பணப்பெட்டி பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் சட்டப்புள்ளி சொன்னபடி இந்தத் தடவை பணமே வாங்காதது நல்லது.

கழிவறைக் கதவில் ஆண், பெண் பலகைக்கு மேல் ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு ஏ4 தாள் ஒட்டுங்கள். கூடத்துக் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிரச்சினை பெரும்பாலும் அந்த வாசலில்தான் கிளம்பும்.

பின்வரிசை
புகைப்படம்? நிதி தந்தவர்களுக்கு அறிக்கையில் படம் வேண்டும் என்கிறார்கள். சிவப்புப் பட்டை கட்டியவரை எடுக்காதே, பச்சை கட்டியவரை எடுக்கலாம் என்று வைக்கலாமா?

தாழம்பூ
பெரிய விழாவில் அந்த முறை ஓடும். 80 பேர் கூடத்தில் ஓடாது. முன்வரிசைப் பச்சையை எடுத்தால் மூன்றாம் வரிசைச் சிவப்பின் பக்கவாட்டு முகம் படத்துக்குள் வரும், இப்போதுள்ள போன் கேமராவில் அது தெளிவாகவும் வரும். கூட்டம் வரும் முன் காலிக் கூடம், திரை, இயக்குநர் ஒப்புக்கொண்டால் அவர் மட்டும். நிதி தந்தவர்களுக்கு இது போதும். அறிமுக உரையில் ‘போன் கேமரா வேண்டாம்’ என்று சொல்வதைவிட, உள்ளே வரும்போதே லென்ஸ் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். எடுப்பவர் கை தானாக நிற்கும்.

நிழலாட்டம்
வரிசை பற்றி. 94 நிமிடத்தை இடைவேளை இல்லாமல் ஓட்டாதீர்கள். நாலாவது படத்துக்குப் பின் 12 நிமிடம். வசனமில்லாத படத்தை இடைவேளைக்கு அடுத்து வைக்க வேண்டாம், சமோசாத் தாள் சத்தம் அடங்க ஐந்து நிமிடம் ஆகும். இரண்டாவதாக வையுங்கள்.

சாவில் முடியும் படம் இருந்தால் அதைக் கடைசியில் போட்டு விளக்கைப் போடாதீர்கள். இது சுத்தமாக என் கருத்து, ஆனால் விடாப்பிடியான கருத்து. நம் ஊர்க் குறும்படங்களில் அழுகையும் தற்கொலையும் தேவைக்கு மேல் இருக்கின்றன. சமூகத்துக்கு வெளியே இருந்து எடுப்பவர்கள் அதை விட்டால் வேறு முடிவு இல்லை என்று நினைக்கிறார்கள். பட்டியலில் அப்படி ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒன்றை மூன்றாவது இடத்தில் வைத்து, அதற்கு முன் திரையில் 8 நொடி அறிவிப்பு, அடுத்து லேசான படம். இடைவேளையில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐத் திரையில் நிறுத்தி வையுங்கள். கூவாகம் பற்றிய ஆவணப்படம் ஏதாவது இருந்தால், முகம் தெரியும் திருநங்கைகளின் ஒப்புதல் எப்படி வாங்கப்பட்டது என்று இயக்குநரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். விழாவில் வெளியாருக்குக் காட்ட ஒப்புக்கொண்டவர் தன் ஊர்ப் பக்கம் காட்ட ஒப்புக்கொண்டாரா என்பது தனிக் கேள்வி, மதுரைக்கு அது ரொம்பப் பொருந்தும்.

அனுமதி மின்னஞ்சலில் தேதி, ஊர், ஒரே காட்சி, இத்தனை பேர், இலவசம், முடிந்ததும் கோப்பு அழிக்கப்படும் என்று எழுதுங்கள். ‘இந்தக் காட்சி உங்கள் பிரீமியர் நிலையைக் கெடுக்குமா’ என்றும் கேளுங்கள். சில விழாக்கள் ‘இந்த நாட்டில் முதல் காட்சி’ என்று கேட்கும், உங்களால் அந்த வாய்ப்பு போய்விடக் கூடாது. இலவச நிகழ்ச்சி என்றாலும் திரையிடல் கட்டணம் கேட்பது அவர்கள் உரிமை, பேசி முடியுங்கள். யூடியூபில் கிடக்கிறது என்பதற்காக இறக்கிப் போட வேண்டாம். பிரிட்டிஷ் கவுன்சிலும் லண்டன் குயர் படவிழாவான பிஎஃப்ஐ ஃபிளேரும் 2015லிருந்து மார்ச்சில் ஐந்து குறும்படங்களை இணையத்தில் இலவசமாக விடுகிறார்கள், அதுபோல அவர்களே கொடுத்தால் வேறு. அதிலும் நிபந்தனையைப் படித்துவிட்டு.

பனங்கொட்டை
யாழ்ப்பாணத்தில இதே மாதிரிச் செய்ய யோசிக்கிறம். ஏதும் வித்தியாசம் இருக்கோ?

சட்டப்புள்ளி
நிறைய. அங்கே தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் 365ஏ இன்னும் நீங்கவில்லை. அதை மாற்றும் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு நிற்கிறது. பொதுக்காட்சிக்கு அனுமதி தரும் சபையும் தனி. கொழும்பில் ஈக்வல் கிரவுண்ட் என்ற அமைப்பு பிரைட் நிகழ்ச்சிகளோடு படவிழா நடத்தியிருக்கிறது, அவர்களிடம் நடைமுறையைக் கேளுங்கள். இங்கத்தைய தாள் எதுவும் அங்கே செல்லாது. தாழம்பூ சொன்னது மட்டும் அப்படியே பொருந்தும்.

கயிற்றுக்கட்டில்
சப்டைட்டில். மதுரைக் கூட்டத்துக்கு மராத்தி, ஜெர்மன் படங்களை ஆங்கில வரியோடு போட்டால் பாதிப் பேரை வெளியே நிறுத்துகிறீர்கள். இயக்குநரிடம் வரி இல்லாத கோப்பும் நேரக் குறியோடு ஆங்கில வசனப் பட்டியலும் கேட்டு, தமிழில் செய்யுங்கள். அதிகபட்சம் இரண்டு வரி, வரிக்கு 38 எழுத்துக்குள், ஒரு நொடிக்குக் குறையாமல் ஆறு ஏழு நொடிக்கு மேற்படாமல். தமிழ்ச் சொல் நீளம், அதனால் ஆங்கிலத்தில் உள்ளதை முழுக்க ஏற்றப் பார்க்காமல் சாரத்தை எழுதுங்கள். கதாபாத்திரம் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறதோ அந்தப் பாலில்தான் வினைமுற்று வரணும். ஆங்கிலப் பட்டியலில் ‘he’ என்று கண்டதை அப்படியே ‘அவன்’ என்று எடுத்தால் திருநங்கைப் பாத்திரத்தை நீங்களே அவமதிக்கிறீர்கள். பாலைச் சொல்லாமல் விடும் பாத்திரத்துக்கு ‘அவர், வந்தார்’ கைகொடுக்கும்.

எஸ்ஆர்டி, அதாவது சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமியுங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், திரையில் அது ஆங்கிலக் கிறுக்கலாக வரும். யூனிகோடுக்கு மாற்றியபின் ‘கொ’, ‘கௌ’ எல்லாம் ஒருதடவை கண்ணால் பாருங்கள். சில பழைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, வரிகளைப் படத்திலேயே பதித்துவிடுவது. டிசிபியானாலும் அதேதான். சர்வர் தானே எழுத்து வரைந்தால் தமிழ் சரியாக வரும் என்று நம்ப முடியாது. கறுப்பு ஓரம் தடித்த வெள்ளை எழுத்து, படத்துக்குள் கீழ் விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உயரத்தில். உங்கள் கூடத்தில் தரை சமதளமாக இருந்தால் முன்னாலிருப்பவர் தலை கீழ் வரியை மறைக்கும், இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கருவிப்பெட்டி
லேப்டாப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். யாருடைய சொந்த லேப்டாப்பையும் அப்படியே மாட்டாதீர்கள். புதிதாக ஒரு பயனர் கணக்கு, கறுப்பு வால்பேப்பர், அறிவிப்புகள் அணைப்பு, வைஃபை அணைப்பு. இரண்டு படத்துக்கு நடுவே 12 அடித் திரையில் ‘நீ எங்கடா இருக்க, அப்பா தேடுறார்’ என்று வாட்ஸாப் அறிவிப்பு பெயரோடு விழுந்தால், தாழம்பூ சொன்ன அத்தனை ஏற்பாடும் வீண். டெஸ்க்டாப் திரை நகல் முறையில் இருக்கக் கூடாது, நீட்டிப்பு முறை. பிளேயர் எம்பிவி அல்லது விஎல்சி, படம் முடிந்ததும் கறுப்பிலேயே நிற்கும்படி. 25 பிரேம் படத்துக்குத் திரைப் புதுப்பிப்பை 50க்கு மாற்றினால் அசைவு சீராகும், 24க்கு புரொஜெக்டர் 24ஐயே ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் திரை இரண்டு மூன்று நொடி கறுக்கும், அதனால் ஒரே வேகப் படங்களை அடுத்தடுத்து வைக்க நிழலாட்டம் ஒத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

4 மணிக்குக் கூடம் கிடைத்தால்: 20 நிமிடம் துணியும் கேபிளும், 40 நிமிடத்தில் ஒவ்வொரு படத்திலும் தொடக்கம், பேச்சு, இருட்டுக் காட்சி, கடைசி. மீதி அரை மணி ஏதாவது கெடுவதற்கு.

நிழலாட்டம்
ஜெர்மன் படத்தை முதலிலேயே வைத்துவிட்டால் ஒரே ஒரு மாற்றம்தான். அது 9 நிமிடப் படமா, 20 நிமிடப் படமா?

பின்வரிசை
9. சிரிப்புப் படம். மற்ற ஆறும் 24 என்று இப்போதுதான் கேட்டு உறுதி செய்தேன். வசனமில்லாதது இரண்டாவது, கனமான ஒன்று மூன்றாவது. பதிவுப் படிவத்தில் ஊர் என்ற கேள்வி இருந்தது, எடுத்தாயிற்று. மேலாளருக்கான கடிதத்தை நாளை இங்கே பெயர் நீக்கிப் போடுகிறேன், சட்டப்புள்ளி ஒருதடவை பார்த்துச் சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி
போடுங்கள். ஏசி, மைக், கூடம் திரும்ப ஒப்படைக்கும் நேரம், இது மூன்றும் அதிலேயே இருக்கட்டும். கலந்துரையாடல் இழுத்துக்கொண்டு போனால் 8.30க்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.